ஆரஞ்சுப் பட்டைக்கு நான் வைத்த பெயர்

எனக்குக் கோபம் பொசுக்கென்று வரும். ஒரே விஷயத்தை யாராவது இரண்டாவது தடவை சொன்னால் போதும், குரல் தன்னால் ஏறிவிடும். இப்படி ஒரு குணத்தை வைத்துக்கொண்டு, நாள் முழுக்க போனில் புகார் கேட்கிற வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்கள் அவை. ராயபுரத்தில் ஒரு சின்னக் கம்பெனி. துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் கன்டெய்னர் யார்டுகளுக்கும் கிடங்குகளுக்கும் கம்ப்யூட்டர் லைன் போட்டுக் கொடுத்து, அது படுத்துவிடாமல் பார்த்துக்கொள்வது எங்கள் தொழில். மாடியில் ஒரு ஏசி அறை, அதில் ஒரு பெரிய திரை, திரை முழுக்க வட்டங்கள். மாதவரம் கிடங்கு ஒரு வட்டம், எண்ணூர் சாலையில் இருந்த யார்டு ஒரு வட்டம், இப்படி. எங்கள் மென்பொருள் அந்தந்த இடத்தில் லைன் வந்து சேரும் பெட்டியை அடிக்கடி ‘இருக்கிறாயா’ என்று கேட்கும். ‘இருக்கிறேன்’ என்று பதில் வந்தால் வட்டம் பச்சை. வராவிட்டால் சிவப்பு. சிவப்பானால் நான் ஆளை அனுப்ப வேண்டும். மாதக் கடைசியில், லைன் எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தது என்று கணக்குப் போட்டு வாடிக்கையாளருக்கு ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் எழுதிய அளவுக்குக் கீழே போனால் எங்கள் முதலாளியின் முகம் அன்றைக்கு முழுக்கக் கறுத்துக் கிடக்கும்.

எண்ணூர் சாலை யார்டின் முதல் கேட்டில் உட்கார்ந்திருந்தவரைப் பற்றித்தான் எழுத வந்தேன். நாற்பதைத் தாண்டியவர், காசிமேட்டுக்காரர். கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் துறைமுகத்துக்குக் கிளம்பும்போது, கன்டெய்னர் எண்ணைக் கம்ப்யூட்டரில் போட்டு கேட் பாஸ் அச்சடித்துக் கொடுப்பது அவர் வேலை. பல வருடமாகக் கான்ட்ராக்டிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த வருடம் யார்டில் சிலரை நிரந்தரமாக்கப் போவதாகப் பேச்சு கிளம்பியிருந்தது. அவர் மனைவிக்கு ஆஸ்துமா. நிரந்தரமானால் கம்பெனி செலவில் வைத்தியம் பார்க்கலாம். அதைத் தவிர அவருக்கு வேறு நினைப்பே கிடையாது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், தினமும் என்னிடம் போனில் பேசுவார். நான் அவரை அண்ணே என்பேன். அவருக்கு நான் தங்கச்சி.

பேசுவார் என்று மரியாதையாகச் சொல்கிறேன். அன்றைக்கு என் வாயில் ‘உயிரை எடுக்கிறார்’ என்றுதான் வந்தது. காலை வேளையில் தவறாமல் போன் வரும். திரை அப்படியே நின்றுவிட்டது, எண்ணைப் போட்டால் சுற்றிக்கொண்டே இருக்கிறது, வெளியே வண்டிகள் சாலை வரைக்கும் வரிசை கட்டி நிற்கின்றன என்பார். நான் என் திரையைப் பார்ப்பேன். வட்டம் பச்சையாக, அழகாக இருக்கும். லைன் நன்றாகத்தான் இருக்கிறது, கம்ப்யூட்டரை அணைத்துப் போடுங்கள் என்பேன். அணைத்துப் போட்டுவிட்டு மறுபடி கூப்பிடுவார். எனக்குச் சுள்ளென்று ஏறும். அவர் புகாரைப் பதிவு செய்து, அதன் எதிரே ‘கோளாறு இல்லை’ என்று போட்டு மூடிவிடுவேன். இப்படி மூடி மூடி, அந்த யார்டுக்கு நான் கொடுத்த ரிப்போர்ட்டில் ஒரு பக்கம் முழுக்க ‘கோளாறு இல்லை’ என்றே நின்றது. அதை யார்டு மேனேஜர் படித்தார். லைன் சரியாக இருக்கிறது, புகார் மட்டும் வருகிறது, அப்படியென்றால் கேட்டில் இருக்கிற ஆள் வேலை செய்யாமல் சாக்குச் சொல்கிறான் என்று அவருக்குப் பட்டது. யாருக்கும் அப்படித்தான் படும்.

ஒரு நாள் அவர் போனில் கத்தவில்லை. குரல் இறங்கிப் போயிருந்தது.

“டிரைவருங்க என் தாயாரை இஸ்து திட்றானுங்கோ தங்கச்சி. மேனேஜரு இன்னாடான்னா, நான் குந்திகினு தூங்குறேன்றாரு. லிஸ்ட்டு போடுற நேரம். நீ ஒருவாட்டி இங்க வந்து பாரேன், உனக்குப் புண்ணியமாப் பூடும்.”

போனேன். ஆசையாகப் போகவில்லை, இன்றோடு இந்தத் தொல்லைக்கு ஒரு முடிவு கட்டிவிட வேண்டும் என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். திருவொற்றியூர் தாண்டியதும் டிரெய்லர்களுக்கு நடுவில் பஸ் மாட்டிக்கொண்டது. கேட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் தலைமுடியெல்லாம் புழுதி. தகரக் கூரை போட்ட ஓர் அறை, ஒரு ஜன்னல், கீபோர்டுக்கு மேல் பிளாஸ்டிக் உறை, ஒரு மேஜை விசிறி. ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, எனக்கென்று டீயும் சொல்லிவிட்டார். விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

உட்கார்ந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். என் மடியில் இருந்த லேப்டாப்பில் வட்டம் பச்சை. அவர் முன்னால் இருந்த திரையோ கல்லாகச் சமைந்து நிற்கிறது. அடப்பாவி, இவ்வளவு நாளும் இந்த மனுஷன் சொன்னதெல்லாம் நிஜமா என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

காரணம் கண்டுபிடிக்க அதிகம் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. யார்டு ஆபீஸில் இருந்து பாரிமுனை தலைமை அலுவலகத்துக்குக் காலையில் பெரிய பெரிய ஃபைல்களை அனுப்புவார்கள். அதுவும் இதே லைனில்தான் போகும். எங்கள் மென்பொருள் அனுப்பும் ‘இருக்கிறாயா’ கேள்வி துளியூண்டு. எண்ணூர் சாலையில் வண்டிகள் நெரித்துக்கொண்டு நிற்கும்போதும் சைக்கிள்காரன் இடுக்கில் புகுந்து போய்விடுவான் அல்லவா, அதுபோல அது போய்த் திரும்பி வந்துவிடும். கேட் பாஸுக்காகக் கம்ப்யூட்டரில் திறக்கும் பக்கமோ பெரிது, டிரெய்லர் மாதிரி, நின்ற இடத்திலேயே நிற்கும். நாங்கள் சைக்கிளை மட்டும் பார்த்துவிட்டு, சாலை காலியாக இருக்கிறது என்று மாதாமாதம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

மன்னிப்புக் கேட்டேன். கேட்டேன் என்பது உண்மை. அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை, கண்டுபிடித்துவிட்டேன் என்பதிலேயே அவருக்கு முகமெல்லாம் பல். நாள் முழுக்க அங்கேயே இருந்து, ஒவ்வொரு பாஸுக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்துவிட்டுப் போகிறேன் என்றேன்.

அளக்கத்தான் முடியவில்லை. மனிதர் ஓர் இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறார். எண்ணைப் பாதி போடுவார், எழுந்து வெளியே போய்விடுவார். டிரைவர் நீட்டிய சீட்டில் எண் அழிந்திருக்கும், கன்டெய்னரின் கதவருகே போய்த் தன் கண்ணால் படித்துவிட்டு வருவார். கதவில் போட்ட சீல் உடையாமல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். படிக்கத் தெரியாத டிரைவருக்குக் காகிதத்தைப் படித்துச் சொல்வார். வடக்கே இருந்து வந்த டிரைவருக்கு, தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் துறைமுகத்தில் எந்த கேட்டில் திரும்ப வேண்டும் என்று வழி சொல்வார். எனக்கு மறுபடியும் ஏறிவிட்டது. ஒரு அஞ்சு வண்டிக்காவது எழுந்திருக்காமல் உட்காருங்களேன் அண்ணே, என் கணக்கே கெட்டுப்போகிறது என்றேன். சிரித்தார். சீட்டை நம்பி எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டால் துறைமுக கேட்டில் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், டிரைவருக்கு அந்த நாளே போயிற்று என்று சொல்லிக்கொண்டே மறுபடி எழுந்து போனார். நான் திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆபீஸுக்குத் திரும்பியதும் முதலாளியிடம் சண்டை போட்டேன். பச்சை வட்டத்தைக் காட்டி இனிமேல் ரிப்போர்ட் கொடுக்கக் கூடாது, கேட்டில் பாஸ் வர ஆகும் நேரத்தைக் காட்ட வேண்டும் என்றேன். நம் கையாலேயே நம் தலையில் மண்ணைப் போட்டுக்கொள்வதா என்றார் அவர். லைன் போதவில்லை என்று தெரிந்தால் யார்டு பெரிய லைன் கேட்கும் என்றேன். அது அவர் காதில் ஏறியது. அந்தச் சமயத்தில்தான் எங்களுக்குப் புதிதாக ஒரு ரிப்போர்ட் மென்பொருள் வந்திருந்தது. அதுவரை லைன் நிலவரம் ஒரு மென்பொருளில், புகார்கள் இன்னொன்றில், கேட் பாஸ் விவரம் யார்டின் சர்வரில் என்று மூன்று இடத்தில் இருப்பதை நான்தான் கையால் எடுத்து ஒட்டிக்கொண்டிருந்தேன். புதியது மூன்றையும் தானே சேர்த்து, படமாகப் போட்டு, திங்கட்கிழமை காலையில் எல்லோருக்கும் மெயிலில் அனுப்பிவிடும். அதைப் பழக்கியது நான். அந்த நாட்களில் எனக்கு இருந்த பெருமையை என்னவென்று சொல்ல. அம்மாவிடம்கூட பீற்றிக்கொண்டேன், பாவம், அவளுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை.

ஒரு பாஸுக்கு ஆகும் மொத்த நேரம் ஒரு பட்டை. அதில் லைனில் போன நேரம் நீலம். சர்வர் எடுத்துக்கொண்ட நேரம் சாம்பல். இந்த இரண்டையும் மென்பொருள் அளந்துவிடும். மொத்தத்தில் இவை போக மீதி என்று ஒன்று இருந்தது. அதற்கு ஆரஞ்சு நிறம் கொடுத்தேன். அதற்கு என்ன பெயர் வைப்பது? பெயர் வைக்காவிட்டால் மென்பொருள் அடுத்த பக்கத்துக்கு விடாது. லைனும் இல்லை, சர்வரும் இல்லை, பாக்கி இருப்பது உட்கார்ந்திருக்கும் ஆள்தானே என்று ‘யூசர் டைம்’ என்று அடித்தேன். இரண்டு கேட்டையும் தனித்தனியாகக் காட்ட, அங்கே வேலை செய்பவர்களின் லாகின் எண்ணைப் பட்டைக்குக் கீழே வரும்படி செய்தேன். நான் யோசிக்கவே இல்லை. அன்றைக்கு எனக்குப் பசி வேறு, சீக்கிரம் முடித்துவிட்டுச் சாப்பிடப் போக வேண்டும்.

முதல் ரிப்போர்ட்டில் நீலம் வானத்துக்கு நின்றது. யார்டு மேனேஜர் அதை இரண்டு தடவை புரட்டிப் பார்த்தார். கேட்டில் இருந்தவர் பொய் சொல்லவில்லை என்று ஆனது. ஃபைல்களைக் கேட் மூடிய பிறகு அனுப்பச் சொன்னார்கள், லைனையும் பெரிதாக்கினார்கள். அன்று அவர் போன் செய்து, மெய்யாலுமே நீதான் எனக்கு சாட்சி தங்கச்சி என்றார். மறுநாள் ராயபுரம் பக்கம் வந்த டிரைவர் ஒருவரிடம் டிபன் பாக்ஸ் நிறைய வஞ்சிரம் வறுவல் கொடுத்தனுப்பினார். அவர் மனைவி செய்தது. ஆபீஸில் அத்தனை பேரும் பிடுங்கித் தின்றோம்.

நீலம் குட்டையாகிவிட்டது. சாம்பல் எப்போதும் குட்டைதான். அப்புறம் அந்தப் பட்டையில் கண்ணில் படுவதற்கு என்ன பாக்கி? ஆரஞ்சு. அதுவும் முதல் கேட்டில் மட்டும் நெடுநெடுவென்று நின்றது. இரண்டாவது கேட்டில் இருந்தவர் நாற்காலியை விட்டு எழுந்ததே இல்லை, சீட்டில் என்ன இருக்கிறதோ அதை அடித்துக் கொடுத்து அனுப்பிவிடுவார். அவருடைய ஆரஞ்சு சின்னதாக, சமர்த்தாக இருந்தது. நான் இதைக் கவனிக்காமல் இல்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் கவனித்தேன். என்னவோ நெருடியது. ஆனால் லைனுக்கு ஒன்றும் இல்லை என்பதால் அது என் கவலை இல்லை என்று விட்டுவிட்டேன்.

அடுத்த மாதக் கூட்டத்தில் யார்டு மேனேஜர் திரையில் விரலை வைத்து, இது என்ன ஆரஞ்சு என்று கேட்டார். எங்கள் முதலாளி குஷியாக இருந்தார்.

“அது எங்க லைன் இல்ல சார், உங்க ஆளு” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதை எழுதும்போது எனக்குக் கூசுகிறது. அந்த அறையில் அந்தப் பட்டை எதனால் ஆனது என்று தெரிந்த ஒரே ஆள் நான். மீதி என்பதை மீதி என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். டிரைவர் இறங்கி ஏறுவது, காகிதம் பிரிண்டரில் சிக்குவது, கதவருகே நடந்து போய் எண்ணைப் படிப்பது எல்லாம் அதில் இருக்கிறது சார் என்று சொல்லியிருக்கலாம். ரிப்போர்ட்டைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள், அந்தச் சுகத்தில் உட்கார்ந்திருந்தேன்.

நிரந்தரமாகிறவர்களின் பட்டியல் வந்தது. இரண்டாவது கேட்டுக்காரர் அதில் இருந்தார். இவர் இல்லை. அது மட்டுமல்ல, கான்ட்ராக்டையும் அத்தோடு முடித்துக்கொண்டார்கள். வேகம் போதாது என்று காரணம் சொல்லியிருக்கிறார்கள். அவர் எனக்குத்தான் போன் செய்தார். வேறு யாருக்குச் செய்வார்? ஏதோ ரிப்போர்ட்டில் தப்பு நடந்திருக்கிறது, போன தடவை மாதிரி நீ வந்து ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்கள் என்றார். அந்த ரிப்போர்ட்டும் என்னுடையதுதான் என்று அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. போய்ப் பேசுகிறேன் அண்ணே என்று மட்டும் சொன்னேன்.

மறுநாளே யார்டுக்குப் போனேன். மேனேஜர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், முழுசாகக் கேட்டார். பிறகு ரிப்போர்ட்டை என் முன்னால் வைத்தார்.

“நம்பர் தப்பாம்மா?”

“தப்பில்ல சார். ஆனா இது அவரோட நேரம் இல்ல.”

“யூசர் டைம்னு நீங்கதானே போட்டிருக்கீங்க?”

நான் விளக்கினேன். திக்கித் திக்கி விளக்கினேன். சீல் பார்க்க வேறு ஆள் இருக்கிறான், இவரை எழுந்து போகச் சொன்னது யார் என்று கேட்டார். எண் தப்பானால் வண்டி திரும்பி வந்துவிடும் சார் என்றேன். அப்படித் திரும்பி வந்த வண்டிகள் உங்கள் ரிப்போர்ட்டில் எங்கே இருக்கின்றன, காட்டுங்கள் என்றார். துறைமுக கேட் எங்கள் லைனில் இல்லை. அங்கே நடப்பது எங்கள் மென்பொருளுக்குத் தெரியாது. என்னால் காட்ட முடியவில்லை. பட்டியல் மேலிடத்துக்குப் போய்விட்டது, இனி தன் கையில் ஒன்றும் இல்லை என்று சொல்லி எனக்கு மோர் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

அந்த அண்ணன் வாயில் மண்ணைப் போட்டது நான்தான் என்று பஸ்ஸில் வரும்போது தெளிவாகத் தெரிந்தது. அழுதேன், பக்கத்து சீட்டு அம்மா என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டார். ஆபீஸுக்கு வந்ததும் ‘யூசர் டைம்’ என்பதை அழித்துவிட்டு ‘மற்றவை’ என்று மாற்றினேன். திங்கட்கிழமை ரிப்போர்ட் போனது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. முதல் கேட்டில் புதிதாக உட்கார்ந்த பையனின் பட்டை குட்டையாக இருந்தது. தப்பு எண்ணோடு துறைமுகத்தில் இருந்து திரும்பும் வண்டிகள் கூடிவிட்டன என்று டிரைவர்கள் புலம்புவதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். யார்டில் இருந்து எங்களுக்குப் பாராட்டி மெயில் வந்தது. முதலாளி அதைப் பெரிதாக அச்சடித்து அறையில் ஒட்டினார். அந்த அண்ணனிடம் இருந்து எனக்குப் போன் வரவில்லை. நானும் செய்யவில்லை, செய்து என்ன சொல்வது என்று தெரியவில்லை.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவோடு காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போயிருந்தேன். ஏலம் போடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒருவர் ஐஸ் பெட்டிகளை வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். லுங்கியை மடித்துக் கட்டியிருந்ததால் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் கூட்டத்தில் மறைந்துகொள்ளலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்குள் அவர் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்தது. மெய்யாகவே மலர்ந்தது, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அம்மாவுக்கு வணக்கம் வைத்தார், எங்கள் பையை வாங்கிக்கொண்டு போய் தெரிந்த அம்மாளிடம் நல்ல மீனாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தார். வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். மனைவிக்கு அப்படியேதான் இருக்கிறது, ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் காட்டிக்கொண்டிருக்கிறேன் என்றார். அம்மா விலை பேசிக்கொண்டிருந்தாள். அண்ணே, அந்த ரிப்போர்ட்டு, என்று ஆரம்பித்தேன்.

“தெரியும்மா” என்றார். “லிஸ்ட்டு வந்த அன்னிக்கே யார்டு சூப்பர்வைசர் காட்டிட்டாரு. நீதான் போட்டேன்னும் சொல்ட்டாரு. அப்புறமா மேனேஜராண்ட வந்து பேசினியாமே, அதுவும் தெரியும். அத்த வுடு.”

கையில் இருந்த ஈரத்தை லுங்கியில் துடைத்துக்கொண்டார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் இருந்தது.

“ஒண்ணுதான் எனக்கு மனசுல நின்னுகினு கீது தங்கச்சி. அன்னிக்கு நாள் பூரா எம்பக்கத்துலயே குந்திகினு இருந்த. லைன பாத்த, ஸ்கிரீன பாத்த. நான் இன்னா செஞ்சிகினு கீறேன்னு ஒருவாட்டி பாத்திருக்கலாம்ல?”

“பாக்கலண்ணே” என்றேன்.

சரி என்பதுபோலத் தலையாட்டினார். யாரோ ஐஸ் வரவில்லை என்று குரல் கொடுக்க, மீன் பையை என் கையில் கொடுத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.